தாயக்கட்டையும் கூத்துக்கட்டையும்
வேட ஆட்ட நூற்பதிப்பு, அதன் பழைய இதழ்கள், வடக்கனந்தல் வட்டாரக் கூத்து நோட்டுகள்: ஓர் ஒப்பாய்வு

1. பொருளும் எல்லையும்

கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவரும் கோமுகி ஆறு சமவெளியைத் தொடும் பக்கத்தில் இருக்கிறது வடக்கனந்தல். கள்ளக்குறிச்சி மாவட்டத்துப் பேரூராட்சி. இந்தப் பக்கத்தில் 'கட்டை' என்று சொன்னால் இரண்டு பொருள் வரும். திண்ணையில் உருட்டுவது தாயக்கட்டை. கூத்தாடுகிறவர் தலையிலும் தோளிலும் மார்பிலும் ஏற்றிக் கட்டுவது கூத்துக்கட்டை. முன்னது தற்செயலுக்குக் கருவி, பின்னது வேடத்துக்கு. திண்ணையில் உருளும் கட்டைக்குக் கதை கிடையாது. கூத்துக்களத்தில் கதை உண்டு, ஆனால் அதன் முடிவை எந்தக் கட்டையும் மாற்றிவிடாது. துகிலுரிதல் கூத்தில் தருமர் எத்தனை ஊரில், எத்தனை இரவு சூதாடினாலும் தோற்றே ஆக வேண்டும்.

இந்த இரண்டு கட்டைகளையும் ஒரே மேசையில் வைத்த ஆட்டம் ஒன்று 1974இல் அமெரிக்காவில் அச்சாகி வெளிவந்தது. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று பெயர். ஆடுகிறவர் ஒரு வேடம் ஏற்பார். என்ன செய்யப்போகிறார் என்று வாய்விட்டுச் சொல்வார். பலிக்குமா என்பதைக் கட்டை சொல்லும். அதன் பதிப்பு வரலாற்றையும், அதைச் சுற்றி முளைத்த பழைய பொழுதுபோக்கு இதழ்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது. அளவுகோலாக எங்கள் வட்டாரக் கூத்தை எடுத்துக்கொள்கிறேன். அச்சிட்ட புத்தகம் ஒன்று கையில் இருக்க, பலர் கூடி, விடிய விடிய அந்தப் புத்தகத்தில் இல்லாத ஒன்றை உண்டாக்கும் வழக்கம் இங்கே பல தலைமுறைகளாக இருக்கிறது. மேற்கத்திய ஆய்வாளர்கள் வேட ஆட்டத்துக்கு முன்னோடி தேடும்போது போர்க்கள மாதிரி ஆட்டங்களைத்தான் காட்டுவார்கள். வரலாற்று வழி அது சரிதான். ஆடும் முறையை வைத்துப் பார்த்தால் கூத்து அதற்கு இன்னும் நெருங்கிய உறவு.

என் முடிபை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். விதிநூல் ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும். அதை வளர்ப்பது ஆடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் பக்கம். மேற்கில் அந்தப் பக்கம் இதழாக அச்சேறியது. இங்கே அது கூத்து வாத்தியாரின் நோட்டில் தங்கிவிட்டது. ஆகவே அந்த நோட்டையும் அச்சு வரலாற்றின் ஆவணமாக மதித்துத் திரட்ட வேண்டும்.

ஓர் எல்லையையும் குறிக்க வேண்டும். உளுந்தூர்பேட்டை வட்டாரத்துக் கூவாகம் இதே மாவட்டத்தில் இருக்கிறது. சித்திரையில் அங்கே கூத்தாண்டவர் கோயிலில் திருநங்கையர் அரவானுக்கு மனைவியராகத் தாலி ஏற்கிறார்கள். மறுநாள் அரவான் களப்பலியானதும் தாலி அறுத்து வெள்ளை உடுத்தி அழுகிறார்கள். கதைமாந்தரின் இடத்தில் தம்மை நிறுத்திக்கொள்ளும் செயல் என்று இதை வகைப்படுத்தி ஒப்பீட்டில் சேர்க்கலாம் என்று தோன்றும். சேர்க்கக் கூடாது. அங்கே விழும் கண்ணீர் நேர்த்தியின் பகுதி, சொந்த வாழ்வின் பகுதி. அதை ஆட்டம் என்ற சொல்லுக்குள் அடக்க எனக்கு மனம் வரவில்லை.

2. கலைச்சொல் குறித்து

ஆங்கிலத்தில் 'ரோல்பிளேயிங் கேம்' எனப்படுவதை இங்கே 'வேட ஆட்டம்' என்கிறேன். 'பாத்திர விளையாட்டு' என்று சிலர் பெயர்ப்பதுண்டு. பாத்திரம் நாடக மேடையின் சொல். அதை எழுத்தாளர் படைத்துத் தருவார், நடிகர் வாங்கிக்கொள்வார். வேடம் அப்படியில்லை, கட்டுகிறவருடையது. 'அவர் துரியோதனன் வேடம் கட்டுவார்' என்று ஊரில் சொல்லும்போது அந்த ஆள், அந்தக் குரல், அவர் துரியோதனனைக் கொண்டுபோகும் விதம் மூன்றும் அதற்குள் வந்துவிடும். வேட ஆட்டத்திலும் அதுவே நிலை. மேசையின் தலைமாட்டில் அமர்ந்து உலகத்தை விவரித்து, பிறர் சொல்லுக்கு விடை சொல்லி நடத்துகிறவரை 'நடத்துநர்' என்று குறிக்கிறேன்.

3. முற்றுப்பெறாத நூல்

அமெரிக்காவின் நடுமேற்கில் பொம்மைப் படைவீரர்களை மேசையில் நிறுத்திப் போர் ஆடும் சங்கங்கள் 1960களில் பல இருந்தன. மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி 1969 வாக்கில் நடத்திய 'பிரௌன்ஸ்டைன்' என்ற ஆட்டத்தில் ஒரு மாறுதல் வந்தது. படையை நடத்துவதற்குப் பதிலாக ஆளுக்கு ஒரு மனிதரை ஒப்படைத்தார். ஒருவர் நகர்மன்றத் தலைவர், இன்னொருவர் மாணவர் தலைவர், இப்படி. அந்தக் கூட்டத்தில் ஆடிய டேவ் ஆர்னெசன், 'பிளாக்மூர்' என்ற கற்பனை நாட்டில் வாரக்கணக்கில் தொடரும் ஆட்டமாக அதை வளர்த்தார். விஸ்கான்சினில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் இருந்த கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெர்ரனோடு சேர்ந்து 1971இல் 'செயின்மெயில்' என்ற போர்விதி நூலை வெளியிட்டிருந்தார். ஆர்னெசனின் ஆட்டமும் கைகாக்ஸின் எழுத்தும் சேர்ந்ததுதான் 1974இன் நூல்.

எந்தப் பெரிய பதிப்பகத்தையும் எதிர்பார்க்காமல் கைகாக்ஸும் அவர் நண்பர் டான் கேயும் 1973 அக்டோபரில் 'டி.எஸ்.ஆர்.' என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பிரையன் புளூம் பணம் போட்டுப் பங்காளியானார். முதல் அச்சு 1,000 படி. ஒரு பெட்டி, அதற்குள் பழுப்பு அட்டையிட்ட மூன்று சிறு நூல்கள், விலை 10 டாலர். அந்த ஆயிரமும் ஓராண்டுக்குள் தீர்ந்துவிட்டன.

அந்த மூன்று நூல்களைப் படித்து ஆட்டத்தைப் புரிந்துகொள்வது அரிது. சண்டையை எப்படித் தீர்ப்பது என்று கேட்டால் 'செயின்மெயில்' நூலைப் பார் என்கிறது. காட்டு வழிப்பயணத்துக்கு வேறொரு நிறுவனத்தின் ஆட்டப் பலகையை எடுத்துக்கொள் என்கிறது. சொற்கள் வரையறை இல்லாமல் வருகின்றன. முடிவில், விட்டுப்போன இடங்களை நீங்களே கற்பனை செய்து நிரப்பிக்கொள்ளுங்கள் என்ற பொருளில் நூலாசிரியரே சொல்லி முடிக்கிறார். பதிப்புக் கண் கொண்டு பார்த்தால் இது குறையுள்ள நூல். ஆனால் அந்தக் குறையே அதன் பேறாக முடிந்தது. விளங்காத இடம் ஒவ்வொன்றும் ஒரு கடிதத்தை எழுதவைத்தது. எழுதிய கடிதங்களுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

கட்டையைப் பற்றியும் ஒரு சொல். இருபது முகம் கொண்ட கட்டைகளை டி.எஸ்.ஆர். முதலில் பள்ளிக் கணிதப் பாடத்துக்கான பொருள் விற்கும் கலிபோர்னிய நிறுவனம் ஒன்றிடம் வாங்கித்தான் விற்றது. 1979இல் கட்டைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, தொடக்கநிலைப் பெட்டியில் எண் அச்சிட்ட அட்டைத் துண்டுகளை வைத்துக் கொடுத்தார்கள். குலுக்கிப்போட்டு ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பித்தளைத் தாயக்கட்டை இல்லாத வீட்டில் புளியங்கொட்டையை ஒருபக்கம் தேய்த்து வெள்ளையாக்கி உருட்டியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

4. வாசகர் எழுதிய விதிகள்

4.1 செய்திமடலிலிருந்து இதழுக்கு

டி.எஸ்.ஆர். 1975 தொடக்கத்தில் 'தி ஸ்டிராடஜிக் ரிவ்யூ' என்ற மடலைத் தொடங்கியது. முதல் இதழ் சில பக்கமே. 1976 ஏப்ரல் வரை ஏழு இதழ்கள் வந்தன. அதன் இடத்தில் 1976 ஜூனில் டிம் காஸ்கை ஆசிரியராகக் கொண்டு 'தி டிராகன்' வந்தது. 2007 செப்டம்பரில் 359ஆம் இதழோடு அச்சு நின்றது. ஒரு பொழுதுபோக்குக்கு மட்டுமான மாத இதழ் முப்பத்தொரு ஆண்டு நடந்தது எந்த நாட்டிலும் பெரிய செய்தி. ஆடுவதற்கென முன்கூட்டியே எழுதிவைத்த ஆயத்தக் கதைகளை மட்டும் வெளியிட 'டன்ஜன்' என்ற தனி இதழ் 1986இல் தொடங்கி 2007 வரை 150 இதழ்கள் நடந்தது.

எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஸ்டிராடஜிக் ரிவ்யூவின் இரண்டாம் இதழில் ஜோ ஃபிஷர் என்பவர் 'ரேஞ்சர்' என்ற புது வேடத்தை எழுதியிருந்தார். காடறிந்த, தடம் பிடிக்கத் தெரிந்த வீரன். மூன்றாண்டு கழித்து 1978இல் வந்த 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்' என்ற பெருநூலில் அந்த வேடம் விதியாகவே இடம்பெற்றது. இன்றுவரை உலகில் எங்கு இந்த ஆட்டம் ஆடினாலும் யாராவது ஒருவர் ரேஞ்சர் வேடம் கட்டுகிறார். மடலுக்கு ஒருவர் எழுதியது, நூலின் உறுப்பாகிவிட்டது.

4.2 இங்கிலாந்து வழி

இலண்டனில் ஸ்டீவ் ஜாக்சன், இயன் லிவிங்ஸ்டன், ஜான் பீக் மூவரும் 1975இல் 'கேம்ஸ் ஒர்க்ஷாப்' தொடங்கினார்கள். அவர்களது மடல் 'ஔல் அண்ட் வீசல்' 25 இதழ் வந்து, 1977இல் லிவிங்ஸ்டன் ஆசிரியராக 'ஒயிட் டுவார்ஃப்' என்ற இதழுக்கு இடம் விட்டது. அதில் 'ஃபீண்ட் ஃபேக்டரி' என்று ஒரு பகுதி. வாசகர்கள் தாங்கள் கற்பனை செய்த பூதங்களை எழுதி அனுப்புவார்கள். டான் டர்ன்புல் தேர்ந்தெடுத்து வெளியிடுவார். அவற்றிலிருந்து பெரும்பகுதி திரட்டப்பட்டு 1981இல் 'ஃபீண்ட் ஃபோலியோ' என்ற முழு நூலானது. வாசகர் கடிதத்திலிருந்து விதிநூல் பிறந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஒயிட் டுவார்ஃபின் பிற்கால வரலாற்றையும் சொல்ல வேண்டும். 1980களின் பிற்பகுதியில் அது தன் நிறுவனத்துப் பொம்மைப் படைகளையும் ஆட்டங்களையும் மட்டும் காட்டும் இதழாக மாறியது. தாள் உயர்ந்தது, வண்ணம் கூடியது. இன்றும் வருகிறது. ஆனால் ஆடுகிறவரின் விதி நூலுக்குள் ஏறிப்போகும் படிக்கட்டாக அது இப்போது இல்லை. என் கணிப்பில், பழைய இதழைச் சேகரிப்பவர்கள் முதல் நூறு இதழ்களை இவ்வளவு பேணுவதற்கு அதுவே உண்மைக் காரணம். பழமை என்பதற்காகச் சேர்க்கிறார்கள் என்பது மேலோட்டமான விளக்கம்.

4.3 கூட்டுக் கையெழுத்து

மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. தமிழ் வாசகருக்கு அதுதான் உடனே விளங்கும். 1975 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸில் லீ கோல்ட் என்ற பெண்மணி 'அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்' என்ற திரட்டைத் தொடங்கினார். எழுதுகிறவர் ஒவ்வொருவரும் தம் பக்கங்களைத் தாமே தட்டச்சு செய்து, நகலெடுத்தோ ஸ்டென்சிலாகவோ அனுப்ப வேண்டும். அவர் அடுக்கித் தைத்து எல்லோருக்கும் அனுப்புவார். ஒரு மாதம் ஒருவர் சொன்னதற்கு அடுத்த மாதம் இன்னொருவர் மறுப்பு எழுதுவார். நம் ஊர்களில் நடந்த கையெழுத்துப் பத்திரிகையும் இப்படித்தான். நண்பர்கள் ஆளுக்குச் சில பக்கம் எழுதி, ஒருவர் தைத்து, வீடு வீடாகச் சுற்றுக்கு விடுவார்கள். தமிழில் பெயர்பெற்ற எழுத்தாளர் பலர் அங்கிருந்து புறப்பட்டவர்கள்.

கைகாக்ஸ் முதலில் இந்த வகைத் தன்னிச்சையை வரவேற்றார். சில ஆண்டுகளில், எல்லா ஊரிலும் ஒரே விதி வேண்டும் என்று டிராகன் பக்கங்களில் வாதிடத் தொடங்கினார். போட்டி ஆட்டங்களுக்கு ஒரே விதி தேவை, விற்பனைக்கும் தேவை என்பது புரிகிறது. ஆனாலும் இந்த வழக்கில் நான் திரட்டின் பக்கம்தான் நிற்கிறேன். ஒரே கூத்தைப் பத்து ஜமா (கூத்துக்குழு) பத்து விதமாக ஆடுவதை இருந்து பார்த்தவர் யாரும் அப்படித்தான் நிற்பார்.

5. ராட்சசன் அச்சேறிய விதம்

ஸ்டிராடஜிக் ரிவ்யூவின் ஐந்தாம் இதழ், 1975 டிசம்பர். அதில் 'ராட்சசன்' ஒரு பகைப்பிறவியாக இடம்பெற்றான். பெயர் நம்முடையது. வடிவம் வேறு வழியாகப் போய்ச் சேர்ந்தது. எதிரிக்கு அவன் நம்பும் மனிதரின் உருவில் தோன்றுவான், மந்திரித்த குறுக்குவில்லின் அம்பால் சாவான் என்ற செய்திகள் 1974இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த 'கோல்சாக்' தொடரின் ஒரு பகுதியிலிருந்து எடுக்கப்பட்டவை. 1977இல் வந்த 'மான்ஸ்டர் மேனுவல்' நூலில் டேவிட் டிராம்பியர் அவனுக்குப் புலித்தலை வைத்து, கையில் புகைக்குழல் கொடுத்து, ஆசனத்தில் அமர்த்தி வரைந்தார். ஓவியம் என்ற அளவில் அது அருமையானது. உலகெங்கும் ஆடுகிறவர்களுக்கு ராட்சசன் என்றால் இன்று அந்தப் புலிமுகம்தான்.

பகாசூரன் கூத்தைப் பார்த்த கண்ணுக்கு இது உறுத்தும். இங்கே பகாசூரனுக்கு ஓர் ஊர் உண்டு. அந்த ஊரோடு அவன் செய்துகொண்ட ஏற்பாடு உண்டு. நாளுக்கு ஒரு வண்டிச் சோறு, ஓர் ஆள். பீமன் வேடம் கட்டியவர் சோற்று வண்டியேறி நிஜத் தெருக்களில் வருவார். ஊரே அன்று ஏகசக்கரபுரம் ஆகிவிடும். அசுரனின் பசிக்கும் ஊரின் அச்சத்துக்கும் இடையில் இருக்கும் அந்தக் கணக்குதான் கதை. மான்ஸ்டர் மேனுவலில் அவன் இனத்துக்குக் கிடைத்தது கவச எண், உயிர்ப்புள்ளி, தோன்றும் விழுக்காடு ஆகியவை.

தெய்வங்களும் தப்பவில்லை. 1976இல் 'காட்ஸ், டெமி-காட்ஸ் அண்ட் ஹீரோஸ்', 1980இல் 'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' என்ற நூல்கள் வந்தன. இரண்டிலும் இந்தியத் தெய்வங்களுக்குத் தனிப் பகுதி. இந்திரனுக்கும் காளிக்கும் உயிர்ப்புள்ளி எண்ணில் தரப்பட்டது. இதில் பகையோ ஏளனமோ இருந்ததாக நான் கருதவில்லை. கிரேக்க, நார்ஸ் தெய்வங்களுக்கும் அதையேதான் செய்தார்கள். ஆனால் கும்பிடுகிறவர் இருக்கும் தெய்வத்தையும் இல்லாத தெய்வத்தையும் ஒரே அட்டவணையில் இட்டால் என்ன ஆகும் என்று கேட்க அந்தப் பக்கத்தில் நம் வாசகர் எவரும் இல்லை. இதழில் எழுதுகிறவர் யார் என்பதே நூலில் ஏறுவது எது என்பதை முடிவுசெய்கிறது என்ற என் வாதத்துக்கு இந்தப் பகுதி எதிர்ப்புறத்திலிருந்து சான்று.

6. பெரிய எழுத்தும் கூத்து நோட்டும்

6.1 அச்சிட்ட கூத்து

பாரதக் கூத்துக்கு மூன்று அடுக்குள்ள நூல்மரபு இருக்கிறது. மேலே வில்லிபாரதம். அதன் ஆசிரியர் வில்லிபுத்தூரார் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவர் என்பது மரபு. அதாவது எங்கள் பக்கத்து மண்காரர். திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கியார் விரித்துச் சொல்வது இந்த நூலை ஒட்டி. அடுத்த அடுக்கு, சென்னை கொண்டித்தோப்பு பி. இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்ற பதிப்பகங்கள் வெளியிட்ட 'பெரிய எழுத்து'ப் புத்தகங்கள். புதிதாக எழுத்துக் கூட்டுகிறவரும், விளக்கு வெளிச்சத்தில் உரக்கப் படிக்கிறவரும் பார்க்கும்படி பருத்த எழுத்து, மலிவுத் தாள், திருவிழாக் கடையில் வாங்கக்கூடிய விலை. அல்லி அரசாணி மாலை, விக்கிரமாதித்தன் கதை என்பனவற்றோடு கூத்து நாடகங்களும் இந்த வரிசையில் அச்சாயின. ஆல்ஃப் ஹில்டெபெய்டல் செஞ்சி வட்டாரத்தை மையமாக வைத்துத் திரௌபதி வழிபாடு பற்றி 1988இல் வெளியிட்ட பெருநூலில் இந்த மலிவுப் பதிப்புகளை முதன்மைச் சான்றுகளாகவே கையாண்டார். இங்கே பலர் குப்பை என்று ஒதுக்கியவற்றை அவர் மேசையில் வைத்துப் படித்தார்.

வேட ஆட்டப் பதிப்பில் இதற்கு நேரான ஒன்று உண்டு. 'மாட்யூல்' எனப்படும் ஆயத்தக் கதைநூல். 1975இல் வந்த 'பிளாக்மூர்' துணைநூலில் ஆர்னெசன் எழுதிய தவளைக் கோயில் கதைதான் அச்சில் வந்த முதல் ஆயத்தக் கதை. 1976 முதல் இல்லினாயில் பாப் பிளெட்சாவின் 'ஜட்ஜஸ் கில்டு' இவற்றைத் தொழிலாகவே செய்தது. இடம், மாந்தர், நிகழ இருக்கும் ஆபத்து எல்லாம் அதில் இருக்கும். வாங்கியவர் அன்று இரவு என்ன பேசுவார் என்பது மட்டும் இருக்காது. பதினெட்டாம் போர் நாடகப் புத்தகத்தில் இருப்பதும் அதுதான், இல்லாததும் அதுதான்.

6.2 புத்தகத்தில் இல்லாதது

கூத்தில் பாட்டு பெரும்பாலும் வரையறுத்தது. விருத்தமும் தருவும் வாத்தியார் சொல்லிக்கொடுத்தபடி வரும். வசனம் அப்படி வராது. இருவர் திரை பிடிக்க, அதன் பின்னிருந்து வேடம் பாடிக்கொண்டே வரும். திரை விலகும். கட்டியங்காரன் எதிரே நின்று, தாங்கள் யார், எந்த நாடு, வந்த காரியம் என்ன என்று கேட்பார். வேடம் தன் குலமும் பெருமையும் சொல்லும். இந்தக் கேள்வி-பதில் எவ்வளவு நேரம் போகும், எந்த ஊர்ச் செய்தி அதற்குள் நுழையும், யாரைக் கிண்டல் செய்யும் என்பது அன்றைய இரவின் தீர்மானம். அந்த ஆண்டு மழை பொய்த்திருந்தால் கட்டியங்காரன் துரியோதன மகாராசாவிடம் ஏரியைப் பற்றிக் கேட்பார். மகாராசா பதில் சொல்லியாக வேண்டும். புத்தகத்தைப் புரட்ட நேரம் இல்லை.

வேட ஆட்டத்தின் நடத்துநருடைய வேலையைக் கூத்து இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது என்பது என் கருத்து. விதியையும் வரிசையையும் காப்பவர் வாத்தியார், பின்பாட்டோடு பின்னால் இருந்து. களத்தில் கேள்வி கேட்டு வேடத்தைப் பேசவைப்பவர் கட்டியங்காரன். மேசையில் ஒருவரே இரண்டையும் சுமப்பதால்தான் அந்த நடத்துநர்களுக்கு இதழ்களில் அறிவுரைக் கட்டுரைகள் அவ்வளவு தேவைப்பட்டன. 1979இல் டிராகனில் தொடங்கிய 'சேஜ் அட்வைஸ்' என்ற கேள்வி-பதில் பகுதி முழுக்க அந்தச் சுமையின் பதிவு.

களத்தின் பரப்பிலும் கூத்து மேசையைத் தாண்டிப்போகிறது. அர்ச்சுனன் தபசில் வேடம் உயரமான தபசு மரத்தில் ஏறும். பாடிக்கொண்டே ஏறி உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம் போடும். பிள்ளை வரம் வேண்டுகிறவர்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். பதினெட்டாம் போர் விடிந்ததும் படுகளத்தில் மண்ணால் செய்து கிடத்திய பெரிய துரியோதனனைச் சுற்றிப் பீமன் வேடமும் துரியோதனன் வேடமும் ஓடும். தொடை பிளந்ததும் திரௌபதி கூந்தல் முடியும். பார்க்கிறவர், ஆடுகிறவர் என்ற கோடு அந்த இடத்தில் நிற்பதில்லை. துகிலுரிதல் இரவில் கட்டை உருளும்போது முடிவு தெரிந்திருந்தும் பெண்கள் அழுகிறார்கள். முடிவு திறந்திருந்தால்தான் பதைப்பு வரும் என்று விதிநூல் எழுதுகிறவர்கள் நம்புவதற்கு இது ஒரு மறுப்பு.

6.3 நோட்டு

மூன்றாவது அடுக்கு வாத்தியாரின் நோட்டு. பள்ளிக்கூட நோட்டு, கணக்குப்பிள்ளை நீள நோட்டு, பழைய டைரி என்று எதுவாகவும் இருக்கும். அச்சுப் புத்தகத்திலிருந்து எடுத்து எழுதிய பாட்டு, குரு சொன்ன பாட்டு, தாமே கட்டிய பாட்டு எல்லாம் கலந்திருக்கும். புத்தகத்தில் நீளமாக வந்ததைச் சுருக்கியிருப்பார். ஓர் ஊரில் எடுபட்ட கேள்வியை ஓரத்தில் குறித்திருப்பார். ராகத்தின் பெயரை மாற்றி எழுதியிருப்பார். டிராகனுக்கும் ஒயிட் டுவார்ஃபுக்கும் வாசகர்கள் எழுதியதும் இதே வகைச் சரக்கு: புத்தகத்தில் இப்படி இருக்கிறது, நாங்கள் இப்படி ஆடிப்பார்த்தோம், இது நன்றாக வந்தது.

ஒரு வேறுபாடு உண்டு. அவர்களின் குறிப்பு முன்பின் தெரியாத பலர் கைக்குப் போய், திருத்தப்பட்டு, நூலுக்குள் திரும்பிவந்தது. நோட்டு மாணவருக்குப் போகும். மாணவர் இல்லாவிட்டால் பரணுக்குப் போகும். பெரிய எழுத்துப் பதிப்புகள் மறு அச்சாகும்போது நோட்டில் நடந்த வளர்ச்சி எதுவும் அவற்றில் ஏற வழியில்லை. எனவே அச்சுப் புத்தகம் நின்ற இடத்தில் நிற்க, கூத்து அதைவிட்டு வெகுதூரம் நடந்துவிட்டது. ஒரு ஜமா இன்னொரு ஜமாவின் புதுமையை வாயால் கேட்டோ கண்ணால் கண்டோதான் அறிய முடியும். தொழிற்போட்டி இருக்கிற இடத்தில் அதைச் சொல்லிக்கொடுக்கவும் மாட்டார்கள். அதில் தவறில்லை, அது அவர்களுடைய சோறு.

7. சிவகாசி

பொழுதுபோக்கு இதழ் ஒன்றை மையமாக வைத்து வாசகர் கூட்டம் திரளும் பழக்கம் தமிழில் இல்லாமல் இல்லை. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. லயன் காமிக்ஸ் 1984இல் தொடங்கி, எஸ். விஜயன் ஆசிரியராக இன்றும் நடக்கிறது. கதைகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து உரிமை பெற்று மொழிபெயர்த்தவை. ஆனால் ஆசிரியர் வாசகரோடு நேராகப் பேசும் பக்கமும் வாசகர் கடிதமும் அந்த இதழ்களுக்கு உயிர். அடுத்து எந்த நாயகன் வர வேண்டும் என்று வாசகர்கள் வாதாடினார்கள், வென்றார்கள். இடைவெளிக்குப் பின் 2012 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறப்பிதழோடு மீண்டபோது காத்திருந்தவர்கள் முப்பது நாற்பது வயதுக்காரர்கள். கதையை எழுதும் இடம் வரை வாசகர் போகவில்லை, தேர்ந்தெடுக்கும் இடம் வரை போனார். டிராகனுக்கும் கூத்து நோட்டுக்கும் நடுவில் இது ஒரு படி.

8. உரிமையும் சேகரமும்

வாசகர் எழுதியது நூலாகும்போது அது யாருடையது? இந்தக் கேள்வியை மேற்கு தாமதமாகத்தான் எதிர்கொண்டது. 1999இல் டிராகனின் முதல் 250 இதழ்களை ஒரே குறுந்தகட்டுத் தொகுப்பாக வெளியிட்டார்கள். இதழில் ஒருமுறை வெளியிட மட்டுமே உரிமை தந்திருந்த படைப்பாளர் சிலர் எதிர்த்தார்கள். இணக்கம் பேச வேண்டியதாயிற்று. அதற்குமுன் 1997இலேயே டி.எஸ்.ஆரை 'விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' வாங்கியிருந்தது. அந்நிறுவனம் 2000இல் அடிப்படை விதிகளைப் பிறரும் எடுத்தாளத் திறந்த உரிமம் தந்தது. 2023 ஜனவரியில் அந்த உரிமத்தைத் திருத்த முயன்றபோது ஆடுகிறவர்கள் பெருவாரியாக எதிர்த்தார்கள். அம்மாத இறுதிக்குள் நிறுவனம் பின்வாங்கி, அடிப்படை விதிகளைக் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமத்தில் பொதுவில் வைத்துவிட்டது. ஐம்பதாண்டாகக் கடிதம் எழுதி வளர்த்தவர்கள் அது தங்களுடையது என்று நினைத்தார்கள். நினைத்தது சரி.

கூத்து நோட்டைத் திரட்டும்போது இதை மறக்கக் கூடாது. நோட்டு ஒரு குடும்பத்தின் முதல். படமெடுத்து வாங்கிவந்து நூலகத்தில் வைத்துவிட்டால் பேணியதாகாது. யாருடைய பாட்டு, யாரிடம் கற்றது, யார் ஆட ஒப்புதல் என்று எழுதிவாங்கி, படியொன்றை அந்த வீட்டிலேயே திருத்தமாகக் கட்டிக்கொடுத்து, பிறகுதான் எடுக்க வேண்டும். அச்சுப் பகுதிக்கு நமக்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா தனியொருவராகத் திரட்டியவற்றைக் கொண்டு 1994இல் சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகம், மலிவுப் பதிப்புகளையும் துண்டறிக்கைகளையும் உயர்ந்த நூல்களுக்கு நிகராக வைத்துக் காக்கிறது. அதே மதிப்பு நோட்டுக்கும் வேண்டும்.

எடுக்கும்போது பாட்டு எழுதிய பக்கங்களோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. நோட்டைத் திருப்பிப் பின்னட்டையிலிருந்து பார்க்க வேண்டும். ஊர்ப்பெயர், தேதி, என்ன கூத்து, பேசிய தொகை, வாங்கிய அச்சாரம், யார் யார் வேடம் என்று வரிசையாக இருக்கும். எங்கள் பக்கத்து நோட்டு ஒன்றில் பகாசூரன் என்று எழுதிய வரிக்கு எதிரே வேறு மையில் இரண்டு குறிப்பு பார்த்தேன். முதலாவது, நடுவில் மழை. இரண்டாவது அதற்குக் கீழே, வண்டியை நிறுத்தாமல் ஆடியது.